தயிர் பூசிய கிணறு

ஐயா கிணற்றுக்கட்டில் கை வைத்தார். வஸீர் ஓரடி கிட்டப் போய் நின்றான்.

காணி பார்க்க வந்த அதிகாரி அவர். மறிச்சுக்கட்டிப் பக்கம், சனம் இடம்பெயர்ந்துபோய் இருபது வருடத்துக்கு மேல் காடாகிக் கிடந்த நிலம். இங்கே முன்பு ஆட்கள் குடியிருந்தார்களா இல்லையா என்று அவர் சொல்லும் சொல்லில்தான் வஸீரின் காணி தங்கியிருந்தது.

காட்டுவதற்கு அவனிடம் இருந்தது இந்தக் கிணறு ஒன்றுதான். வாப்பா கட்டியது.

போன தடவை ஐயா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். "நேற்றுக் கட்டின கிணத்தைக் காட்டி ஆரை ஏமாத்தப் பாக்கிறீர்?"

அவர்மேலும் பிழையில்லை. திரும்பி வந்த கையோடு பற்றை வெட்டிக் கிணற்றைக் கண்டதும் வஸீர் அழுதான். அழுது முடித்துப் பாசியைச் சுரண்டினான், வெடிப்பை அடைத்தான், மட்டம் வைத்துப் பூசினான், சுண்ணாம்பும் அடித்தான். மேசனின் கை சும்மா இருக்குமா? இருந்த ஒரே சாட்சியைத் தானே குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்திவிட்டது பிறகுதான் உறைத்தது.

வழி காட்டியது, கீரி என்ற ஊரில் அவன் தங்கி வேலை செய்த கேளிக்கைப் பூங்கா. அங்கே 'தொலைந்த கிராமம்' என்றொரு பகுதி. வடிவமைப்பாளர் அனுஜா என்ற கொழும்புப் பிள்ளை. வருகிறவர்கள் பலகையை வாசிக்க மாட்டார்கள், சுவர்தான் கதை சொல்ல வேண்டும் என்பது அவளுடைய வேதம்.

அவன் நூல் பிடித்துக் கட்டிய சுவரைச் சுத்தியலால் மூளியாக்கச் சொன்னாள். கறைக்குத் தேயிலைச் சாயம். பாசி பிடிக்கத் தயிர். முதல் நாள் வஸீருக்கு வயிறெரிந்தது. போகப் போகக் கை பழகிவிட்டது.

திறப்பு விழாவுக்கு வந்த ஒரு அம்மா, அந்தச் சுவரைத் தடவி, யார் வாழ்ந்த இடமோ பாவம் என்று கண்ணைத் துடைத்தாள்.

கிணற்றடியில் போட்டிருந்த கொட்டிலுக்குத் திரும்பியதும் வஸீர் தன் மனைவி நசீறாவிடம் தயிர்ச்சட்டியைக் கேட்டான்.

மாரி மழையும் கைகொடுத்தது. கிணறு இப்போது பாசியும் கறையுமாக, விளிம்பு உடைந்து, வாப்பாவே வந்தாலும் அடையாளம் தெரியாத கோலத்தில் நின்றது.

ஐயா பாசியை நகத்தால் கீறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார்.

"இது சும்மா கிணறில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தினது."

வஸீர் பதறிப்போனான். "அவ்வளவு பழசில்லை சேர். என்ர வாப்பா கட்டினது, அல்லாஹ் மேல சத்தியம்."

அது உண்மை. அதனால்தான் எடுபடவில்லை போலும். ஐயா அவன் தோளில் அன்பாகத் தட்டிவிட்டு, கூட வந்தவர்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் முளை அடித்தார்கள். புராதன இடம், இனி ஒருவரும் இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் நாடாவை இழுத்தார்கள். நாடா கிணற்றைச் சுற்றிக் கொட்டிலையும் வளைத்து, நசீறா சோற்றுக்கு உலை வைத்திருந்த அடுப்பையும் உள்ளே விட்டு முடிச்சு விழுந்தது.