மாப்பிள்ளைத் தவளை

ஆடி பிறந்தும் பொட்டு மழை இல்லாத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துச் சாயங்காலம். திண்டிவனத்துக்குக் கிழக்கே தாண்டவராயன் வீட்டுக் களத்தில், விழுப்புரம் ஜங்ஷனே இறங்கி வந்ததுபோல் அத்தனை கூட்டம். நடுவில் அவர் மகன் தேவநாதன், ஒரு கையில் சவரக் கத்தி, மறு கையில் பூசணிக்காய் பருமனில் ஒரு தவளை. காலேஜில் கணக்கை விட்டுவிட்டு தவளை அறுத்துப் படிக்கிற நேச்சுரல் சயின்ஸுக்கு மாற வேண்டுமாம் அவனுக்கு. "ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழறவன் நீ. என் கண்ணெதிர்ல ஒரு தவளையை அறு, அப்புறம் மாறிக்க" என்கிறார் அப்பா. அவன் விடுகிற பெருமூச்சில் எதிரே வேப்பமரம் மொட்டையாகிறது.

"அடப்பாவி, அது மாப்பிள்ளைடா!" அத்தை ராஜாமணி மஞ்சள் கிண்ணத்தோடு ஓடி வருகிறாள். மழைக்காகத் தவளைக் கல்யாணம் செய்ய அவள் பானையில் மூடி வைத்திருந்ததைத்தான் மருமகன் தூக்கிக்கினு வந்திருக்கிறான். கத்திக்குக் கீழேயே மாப்பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறாள், மடியிலிருந்த பெண் தவளைக்கு மஞ்சள் கயிறு கட்டுகிறாள். "ஜல்தி முடி அக்கா, அவன் அறுக்கணும்" என்று தாண்டவராயன் சொல்லி வாய் மூடவில்லை, இளநீர்க்காய் அளவில் ஒரு துளி அவர் வழுக்கையில் விழுகிறது. அடுத்த நிமிஷம் வானமே கவிழ்கிறது. பெண்கள் சேற்றில் கும்மியடிக்கிறார்கள். தேவநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை ஓங்குகிறான். தாண்டவராயன் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"வேணாம்டா! எந்தப் பாடத்துல வேணும்னாலும் சேந்துக்க. மழை கொடுத்த மகராசனை உட்டுடுடா!"

கத்தியைத் தூர எறிந்துவிட்டு தேவநாதன் சிரிக்கிறான். "காலேஜ் பக்கம் மட்டும் வந்துடாதே அத்தே. அங்க இருக்கற தவளைக்கெல்லாம் நீ தாலி கட்டிட்டா, நான் பாஸ் பண்ண முடியாது."