தேசப்பனின் துடுப்பு

கடலோர உப்பேரிக் கரையில் பிறருக்காக நடப்பது தெய்வகன்னியின் வேலை. அவள் மார்பில் கட்டிய கருவிப் பட்டையின் வழியே, நகரத்தில் நாற்காலியை விட்டு எழாதவர்களுக்குப் பாதத்தில் மணலும் முகத்தில் காற்றும் நெஞ்சில் அவளுடைய அமைதியும் போய்ச் சேரும். தடுப்புக்கரையில் தொடங்கி மணல்மேடு வரை, மூச்சு வாங்காத சுலபமான நடை.

அன்றைய வாடிக்கையாளர் பரமசாந்த அடிகள். அமைதியைப் பற்றிப் பேசியே பெரிய ஆசிரமம் கட்டியவர். வழக்கமான பாதையை மணல் மூடியிருந்ததால், இத்தனை நாள் போகாமல் தவிர்த்த ஏரியின் மறுபக்கமாக அவள் சுற்றினாள். ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்களின் நினைவாக அவர்கள் துடுப்பை நடுவது அந்தக் கரை வழக்கம். அங்கே அவள் கணவன் தேசப்பனின் துடுப்பு நின்றது. பார்த்ததும் நெஞ்சு அடைத்தது.

அதே நொடியில், நகரத்து ஆசிரம மேடையில் அடிகள் தேம்பித் தேம்பி அழுதார். ஞானம் வந்துவிட்டதென்று சீடர்கள் காலில் விழுந்தார்கள்.

"அக்கா, சாமிக்குத் தினமும் அதே எடந்தான் வேணுமாம்," என்றான் காதுக்கருவி வழியே அவள் நடையை மேற்பார்வை பார்க்கும் நிஷாந்த்.

"அது எங்க வூட்டுக்காரரு எடம்டா."

"அவரு கோச்சுக்கவா போறாரு? நட அக்கா."

தினமும் போனாள். தினமும் அடிகள் அழுதார், ஆசிரமம் வளர்ந்தது.

ஒரு காலையில் துடுப்பின் முன் நின்றபோது அவளுக்குள் ஒன்றுமே வரவில்லை. அவன் சிரிப்பை நினைத்தாள், போட்ட சண்டையை நினைத்தாள். நெஞ்சு அதன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

நிஷாந்த் காதுக்குள் கத்தினான்: "சூப்பர்க்கா! சாமிக்குப் பூரண அமைதி கெடைச்சிருச்சாம்! எல்லாரும் கை தட்டுறாங்க!"

தெய்வகன்னி துடுப்பைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னிக்குத்தான்யா நீ நெசமாப் போயிட்ட."