பிரெஞ்சு வகுப்பில் ஒரு சூனியக்காரி

மொன்றியலில் அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பு. திரை வெளிச்சத்தில் ஆசிரியை பழைய ஐரோப்பியப் படமொன்றைக் காட்டி விளக்குகிறாள். அதில் கைகால் கட்டிய பெண்ணைக் குளத்தில் இறக்குகிறார்கள். "ரீச்சர் என்ன சொல்லுறா?" என்று அல்போன்சம்மா கேட்கிறாள். தன் தம்பி கடலில் மூழ்கியபோது, சூனியம் வைத்துக் கொன்றாள் என்று அவன் மனைவி றோசலினை மன்னாரில் வீட்டைவிட்டுத் துரத்தியவள் இவள்தான். இங்கே மொழி தெரியாமல் அதே றோசலினின் சுவெற்றர் கையைப் பிடித்திருக்கிறாள். "சூனியக்காரியெண்டு பிடிச்சவளைத் தண்ணியில போடுவினமாம், மச்சாள். மிதந்தா எரிப்பினம். மூழ்கித் தாண்டு போனாத்தான் குற்றமில்லாதவள்," என்று றோசலின் மொழிபெயர்க்கிறாள். "பேந்து என்ன நடக்கும்?" ஆசிரியை சொல்லாத ஒன்றை றோசலின் நிதானமாகச் சேர்க்கிறாள். "பொய் சொல்லிப் பிடிச்சுக் குடுத்தவளின்ர நாக்கை அறுப்பினமாம்." அல்போன்சம்மாவின் பிடி நழுவுகிறது. அந்தக் கையாலேயே வாயைப் பொத்துகிறாள். றோசலின் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.