முதல் வரிசைப் பலகை

இந்தத் தடவையாவது பள்ளம் விழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் கோவில் பூட்டைத் திறந்தாள்.

அது நூறாண்டு தாண்டிய சின்ன மாதா கோவில். முதல் வரிசையில் கரையான் அரித்த முழங்கால் பலகையை எடுத்துவிட்டு, போன வாரம் புதுத் தேக்குப் பலகை பொருத்தியிருந்தாள். மறுநாளே அதில் இரண்டு பள்ளங்கள், ஆண்டுக்கணக்கில் யாரோ முழந்தாளிட்டுத் தேய்த்ததுபோல. நேற்று வேறு பலகை போட்டாள். சீரமைப்பு வேலைக்காகக் கோவில் மூடிக் கிடந்தது. சாவி அவளிடம் மட்டுமே இருந்தது.

இன்றும் இரண்டு பள்ளங்கள். இடப்பக்கம் சற்று ஆழம்.

"எலிக்கு என்ன அண்ணி இவ்வளவு பக்தி?" என்றான் கூட வேலை செய்யும் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்து வலக்கால் முறிந்ததிலிருந்து அவளும் இடக்காலில்தான் பாரத்தைப் போடுகிறாள். ஆனால் அம்மாவின் சவப்பெட்டியை இதே கோவிலிலிருந்து தூக்கிப்போன நாளுக்குப் பிறகு, ஜெபிக்கவென்று அவள் எங்கும் முழந்தாளிட்டதில்லை.

வேலையைப் பார்க்க வந்த பங்குச் சாமியார் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆயர் வர்றார். பழைய கட்டைய வச்சு ஏமாத்திட்டீங்கன்னு பேசுவாங்கம்மா." பிறகு பள்ளங்களையும் அவள் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவ முழங்கால் போட்டுப் பாருங்க. உங்களுக்குப் பொருந்தலேன்னா எனக்கு நிம்மதி."

"இன்னொரு பலகை மாத்தித் தர்றேன் ஃபாதர். அது மட்டும் வேண்டாம்."

இடது முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.