சவுக்குக் கட்டையின் மறுமுனை

“இந்தா மே! கட்டைய அமுக்கு! ஜாக்கி பூந்துகினு போவுது!”

கோதண்டம் போட்ட கூச்சலில் வரலட்சுமி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள்.

வாசலில் நின்ற லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் கழற்றிய பக்கம். ஜாக்கி ஈரமண்ணில் அமுங்கிக்கொண்டே போக, லாரியின் அடியில் இடுப்பு வரைக்கும் அவள் புருஷன் கோதண்டம் கிடந்தான்.

ஒரு பாறாங்கல்லின் மேல் படுத்திருந்தது நீளமான சவுக்குக் கட்டை. அதன் ஒரு முனை லாரியின் அச்சுக்குக் கீழே சொருகியிருந்தது. மறுமுனையில் வரலட்சுமி தாவி உட்கார்ந்து, உடம்பின் கனம் முழுவதையும் இறக்கினாள்.

லாரி முனகிக்கொண்டு மேலே எழுந்தது.

“வெளிய வந்துடுய்யா” என்றாள்.

“இப்ப வுட்டா அச்சு வளைஞ்சுடும். அச்சுக்கு அடில ரயிலு சிலீப்பர் கட்டைய சொருவிட்டு வரேன். அதுவரிக்கும் வுட்றாதே.”

அவன் வெளியே வரவில்லை. வெளியே தெரிந்த கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

சண்டைக்குப் போய் வந்த லாரி அது. பட்டாளத்தார் வேண்டாமென்று கழித்துப் போட்டதைக் கோதண்டம் வாங்கி வந்து உயிர் கொடுத்திருந்தான். விடிந்தால் ராயபுரத்திலிருந்து ஒரு பாய்லரை ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் அரிசி மில்லுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்தச் சவாரி மட்டுமில்லை, இனிமேல் அந்த மில்லின் சவாரி எதுவுமே வராது.

வீடும் அவனை விடவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. ஓடு மாற்ற வேண்டும், கிணற்றடிச் சுவரைப் பூச வேண்டும். காலையில் கூரை மேல் ஏறி உடைந்த ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவனை, மில்லிலிருந்து வந்த ஆள் கீழே இறக்கிவிட்டான். பாதி ஓடு பிரித்தபடி கிடந்தது. ராத்திரி முதுகு வலியில் அவன் புரண்டதைப் பார்த்துத்தான், இன்றைக்காவது வெந்நீர் ஊற்றி எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று தவலையை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

புறங்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

பிரித்த ஓட்டுக்கு நேர் கீழேதான் குழந்தையின் தூளி தொங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

“சொருவிட்டியா?” என்று கத்தினாள்.

எதுவும் காதில் விழவில்லை. கொருக்குப்பேட்டை யார்டிலிருந்து கூட்ஸ் வண்டி புறப்பட்டு வேலிக்கு அந்தப் பக்கம் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. கட்டையும் அதிர்ந்தது.

மழை வலுத்தது. வண்டிச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு குழந்தை வீறிட்டது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். இருந்தாலும் “யாராச்சும் கீறீங்களா?” என்று அலறினாள். மழைதான் இருந்தது.

வாசல்படி எட்டும் தூரம். ஓடிப் போய்த் தூளியை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்துவிடலாம். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடலாம்.

வரலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் கட்டையைக் கட்டிப் பிடித்து அதன் மேலேயே கவிழ்ந்து படுத்தாள். மரத்தின் சிராய் உள்ளங்கையில் ஏறியது. இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று.

குழந்தை மூச்சு முட்ட அழுதது. விக்கியது. மறுபடி அழுதது.

பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

 அப்போதும் அவள் கையைத் தளர்த்தவில்லை.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

“இன்னாமே நீ?”

குரல் லாரிக்கு அடியிலிருந்து வரவில்லை. வாசல்படியிலிருந்து வந்தது.

கோதண்டம் நின்றுகொண்டிருந்தான். தலையில் சாக்கு. தோளில், கிரீஸ் படிந்த துண்டுக்குள் குழந்தை.

“சிலீப்பர் கட்டைய சொருவிட்டு அந்தாண்டப் பக்கமா எப்பவோ வந்துட்டேன். வுட்டுட்டு ஓடு, புள்ள நனையுதுன்னு தொண்ட கிழியக் கத்துறேன். காதுலயே வுழலியா?” கோபத்தில் அவனுக்கு வார்த்தை தடுமாறியது. “பெத்தவதானே நீ? எப்டிமே குந்திகினு இருந்தே?”

 அவள் கட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கிட்டே வந்து பார்த்தான். அவள் விரல்கள் கட்டையைப் பிடித்தபடியே விறைத்திருந்தன. குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அதற்குள் அவன் கோபம் போய்விட்டது.

“சரி, வா. உள்ள வா” என்றான்.

அவள் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கழுத்தில் அதன் சூடான மூச்சு பட்ட பிறகுதான் அழுதாள்.

தன் அப்பா எப்படிச் செத்தார் என்று அவனிடம் அவள் சொன்னதே இல்லை. ஹார்பர் வேலையில் போய்விட்டார் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். அவளுக்கே கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அம்மா சொன்னாள்.

ராயபுரத்தில், வீட்டு வாசலில், பாரவண்டிக்கு அச்சு மாற்ற அப்பா அடியில் படுத்திருந்தார். இதே மாதிரி ஒரு கட்டையை அம்மா அமுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே தூளியில் குழந்தை வீறிட்டது. ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அம்மா கையை எடுத்துவிட்டாள்.

தூளியில் கிடந்த வரலட்சுமிக்கு அன்று ஒன்றுமே இல்லை. எறும்பு கடித்திருந்தது, அவ்வளவுதான்.