தொட்டால் சிவப்பு

மெர்லினும் அஞ்சுகமும் வியாசர்பாடியில் ஒரே தெருவில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். இன்று எதிரெதிர் அணி. இருவரும் பந்துக்குத்தான் எம்பினார்கள். மோதிக்கொண்டதில் அஞ்சுகம் சரிந்து விழுந்து அசையாமல் கிடந்தாள்.

மைதானத்தில் இப்போதெல்லாம் நடுவர் கிடையாது. தீர்ப்பான் என்ற இயந்திரம்தான் தண்டனை தரும். ஆளுக்கொரு நியாயம் என்ற பேச்சே இல்லை. அது கற்றுக்கொண்ட பழைய ஆட்டங்களில், விழுந்தவரை ஓடிப்போய்த் தூக்கியவர் பெரும்பாலும் இடித்தவராகவே இருந்தார். அதனால் தொட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சிவப்பு அட்டை, சீசன் முழுக்கத் தடை.

மெர்லின் எல்லோரையும் போலக் கைகளை உயர்த்தி விலகி நின்றாள். தீர்ப்பான் இன்னும் அளந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை டாக்டரும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

அஞ்சுகத்தின் உதடு நீலம் பாரித்தது.

"தொடாத மெர்லின்! உன் மேல தப்பே இல்ல!" என்று கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

மெர்லின் மண்டியிட்டு, அவளைப் பக்கவாட்டில் புரட்டி, தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழிவிட்டாள். ஸ்கோர் பலகையில் மெர்லினின் பெயர் சிவப்பாக எரிந்தது.

முதலில் இருமல் வந்தது, பிறகு மூச்சு. கண்ணைத் திறந்த அஞ்சுகம் பலகையைப் பார்த்தாள். தன்னைத் தாங்கியிருந்த கைகளைப் பதறித் தட்டிவிட்டாள்.

"லூசாடி நீ? என்ன எதுக்குடி தொட்ட?"