ஒற்றைக் கட்டில்

அந்தக் கட்டிலில் நான்கு பேர் படுக்கலாம்.

இசக்கிசெல்வி அதன் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் விழித்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. பக்கத்தில் மகாராஜா இல்லை.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திரையைக் கொஞ்சம் விலக்கி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தாமிரபரணி. பாலத்து விளக்குகள் தண்ணீரில் நீளமாகக் கிடந்தன.

"தூங்கலையா?"

"நீ எந்திரிக்கட்டும்னு இருக்கேன்."

சிரிக்க வேண்டிய பேச்சு. அவள் சிரிக்கவில்லை.

ஒரகடத்தில் அவர்களுக்கு ஒரே அறை. அதில் ஒற்றைக் கட்டில். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி. அவனுக்குக் கார் கம்பெனி. அவளுக்குப் பகல் ஷிப்ட் என்றால் அவனுக்கு இரவு. அவளுக்கு இரவு மாறுகிற வாரம் அவனுக்குப் பகல் மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது ஒருவருக்கு ஓவர்டைம். இரண்டு பேர் வீட்டிலும் அவர்களை நம்பி ஆட்கள் இருந்தார்கள். யாராலும் வேலையை விட முடியவில்லை.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில்தான் அவள் தன் பஸ்ஸில் ஏறுவாள். நடுவில் ஒரு டீ.

"இன்னா செல்வி, புருசனும் பொண்டாட்டியும் என் கடையிலதான் குடும்பம் நடத்திக்கினு கீறீங்க போல," என்பாள் டீக்கடை பாஞ்சாலியக்கா.

அவர்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் பெரிய கட்டில் வாங்கத்தான் போனார்கள். அறைக்குள் அது நுழையாது என்று தெரிந்தது. "எப்பவும் ஒருத்தர்தானே படுக்கப் போறோம்," என்று சொன்னது மகாராஜாதான்.

அந்த மெத்தையின் நடுவில் இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது. பாதி அவள் உடம்பு செய்தது, பாதி அவன் உடம்பு செய்தது. எழுந்ததும் சோற்றுப் பானையை மூடுவதுபோல அதைப் போர்வையால் மூடிவைத்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அவனும் அப்படியே செய்வான். அவள் வந்து படுக்கும்போது அதில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். புருஷன் என்று நினைத்தால் அவளுக்கு அவன் முகத்துக்கு முந்தி அந்தச் சூடுதான் நினைவுக்கு வரும்.

நெல்லையப்பர் கோயிலில் தாலி கட்டிவிட்டு வேனில் பாலத்தைக் கடந்தபோது, ஆற்றங்கரையில் வெள்ளையாக நின்ற இந்த ஓட்டலை அவன் காட்டினான். "ஒருநா இதுல உன்னத் தங்க வைக்கேனா இல்லையான்னு பாரு."

நேற்று சாயங்காலம் ரிசப்ஷனில் இருந்தவர் ஆதார் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "பேரே மகாராஜாவா! அப்போ ஆத்தப் பாத்த ரூமுதான் சார் உங்களுக்கு."

ஆறு வருஷம் கழித்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான்.

அவள் கேட்டது ஓட்டல் இல்லை. ஒரே ஒரு ராத்திரி, பக்கத்தில் பக்கத்தில் படுத்து, இரண்டு பேரும் சேர்ந்து தூங்க வேண்டும். அது மட்டும்தான்.

விளக்கை அணைத்துப் படுத்தார்கள். அவன் மூச்சு அவளுக்குப் புதிதாக இருந்தது. அவன் புரண்டால் அவள் விழித்துக்கொண்டாள். அவள் இருமியபோது அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். ஒரு தடவை கையும் கையும் பட்டன.

"ஸாரி," என்றார்கள் இருவரும், பஸ்ஸில் அடுத்த சீட்டில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

அவன் எழுந்து நாற்காலிக்குப் போன பிறகுதான் அவள் தூங்கியிருக்கிறாள்.

இப்போது அவள் எழுந்தாள். மெத்தை எதுவுமே நடக்காததுபோல் நிமிர்ந்துகொண்டது.

மகாராஜா வந்தான். அவ்வளவு பெரிய கட்டிலில், அவள் கிடந்த அதே இடத்தில் படுத்தான். அவளுடைய தலையணையை இழுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டான். உடனே தூங்கிவிட்டான்.

அவள் குளித்து, சேலை கட்டி, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆற்றில் வெயில் ஏறியிருந்தது. படித்துறையில் ஆட்கள் முழுகி எழுந்துகொண்டிருந்தார்கள்.

அவன் தூங்குவதை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று அவள் கேட்டதே இல்லை.

எழுப்ப வேண்டும். ஒரு நாளும் அவனை எழுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோளைத் தொடுவதா, கூப்பிடுவதா, எப்படிச் செய்தால் அவன் திடுக்கிட மாட்டான் என்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. வக்கீல் ரஞ்சனியின் குரல் செய்தி. சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"பத்து மணிக்கெல்லாம் குடும்பக் கோர்ட்டுக்கு வந்துருங்கம்மா. டைவர்ஸ் பெட்டிஷன்ல இருக்கிற மாதிரி, ஒரு வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழலைன்னு ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணு சொல்லிராதீங்க."

அதைப் பொய்யாகச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நேற்றுவரை பயந்துகொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "பஸ் வந்துட்டா?"

"வந்துட்டு," என்றாள்.